கோடிகள் கரைகின்றன, ஏரி மட்டும் தெளியவில்லை!

ஏரி என்றால் தண்ணீர் இருக்கும். மீன் துள்ளும். கரையில் கொக்கு நிற்கும். ஏரி தீப்பிடித்து எரியும் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் பெங்களூரு மக்கள் அதையும் கண்ணால் பார்த்துவிட்டார்கள்.

2018-ம் ஆண்டு ஜனவரி 19-ந் தேதி பெல்லந்தூர் ஏரியில் தீப்பிடித்தது. புகை வானத்தை மறைத்தது. சுமார் 5 ஆயிரம் ராணுவ வீரர்கள் பல மணி நேரம் போராடித் தீயை அணைத்தார்கள். 2015-ம் ஆண்டிலும், 2017-ம் ஆண்டிலும் அதே ஏரியில் தீ எழுந்தது உண்டு. மழைக்காலம் வந்துவிட்டால் நெருப்புக்குப் பதில் நுரை. மலைபோல் குவிந்த வெள்ளை நுரை காற்றில் பறந்து சாலையில் விழுந்தது. மோட்டார் சைக்கிளில் போகிறவர்களின் முகத்திலும் உடையிலும் ஒட்டிக்கொண்டது.

அந்தப் படங்கள் உலகம் முழுவதும் பரவின. அதன் பிறகு பணம் வந்தது. உத்தரவுகள் வந்தன. குழுக்கள் வந்தன. இத்தனையும் வந்த பிறகு, ஏரித் தண்ணீரைக் கையில் அள்ளி முகம் கழுவ முடிகிறதா என்பதுதான் மக்களின் கேள்வி.

பணம் இல்லாததால் ஏரிகள் கெட்டனவா? அல்லது பணம் போகிற வழி தவறானதால் ஏரிகள் இன்னும் தேறவில்லையா? இதை ஆராய்ந்து பார்க்க இதுவே தக்க தருணம். 2025-ம் ஆண்டு செப்டம்பரில் பெங்களூரு மாநகராட்சி ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டு, அவற்றுக்கு மேலே பெரிய பெங்களூரு ஆணையம் அமர்ந்திருக்கிறது. வீட்டுக்கு வீடு கைமாறும்போது பழைய கடனும் சேர்ந்து கைமாறும் என்பார்கள். ஏரிகளின் பழைய கடனும் அப்படித்தான் புதிய கைகளுக்கு வந்திருக்கிறது.

மேட்டில் அமைந்த நகரம்

பெங்களூரு கடல் மட்டத்தில் இருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் ஒரு மேட்டில் அமைந்த நகரம். பெரிய ஆறு எதுவும் இதன் நடுவே ஓடவில்லை. அதனால்தான் அந்தக் காலத்து மன்னர்களும் ஊர்த்தலைவர்களும் பள்ளம் கண்ட இடமெல்லாம் கரை கட்டி ஏரி அமைத்தார்கள். ஓர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குத் தண்ணீர் போகும். அந்த ஏரிகளை இணைப்பவைதான் ராஜகால்வாய்கள்.

இந்த மேட்டில் இருந்து தண்ணீர் மூன்று பள்ளத்தாக்குகளில் இறங்குகிறது. ஒன்று கோரமங்களா-சல்லகட்டா பள்ளத்தாக்கு. மற்றொன்று ஹெப்பால் பள்ளத்தாக்கு. மூன்றாவது விருஷபாவதி பள்ளத்தாக்கு.

முதல் இரண்டும் தென்பெண்ணை ஆற்றில் போய்ச் சேருகின்றன. பெல்லந்தூர் ஏரியில் இருந்து வர்த்தூர் ஏரி, அங்கிருந்து தென்பெண்ணை, அங்கிருந்து ஓசூர் கெலவரப்பள்ளி அணை, பிறகு கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை என்று போய்க் கடலூர் அருகே கடலில் கலக்கிறது அந்தத் தண்ணீர். மூன்றாவதான விருஷபாவதி, மைசூர் சாலை, கெங்கேரி, பைரமங்களா வழியாகச் சென்று அர்க்காவதியில் கலக்கிறது. அர்க்காவதி, கனகபுரா அருகே சங்கமத்தில் காவிரியில் சேருகிறது. அதற்கு அடுத்தது மேகதாது, பிலிகுண்டுலு, ஒகேனக்கல், மேட்டூர்.

ஆக, பெங்களூருவில் ஒரு வீட்டின் குளியலறையில் இருந்து வெளியேறும் தண்ணீர் கடைசியில் தமிழ்நாட்டு விவசாயியின் வயலைத் தொடுகிறது. இது கர்நாடகப் பிரச்சினை மட்டும் அல்ல. இங்கே குடியிருக்கும் தமிழர்களுக்கு இது இரண்டு பக்கமும் சொந்தமான பிரச்சினை.

மண் மூடிய ஏரிகள்

கெம்பேகவுடா பஸ் நிலையம் இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் தர்மாம்புதி ஏரி இருந்தது. கண்டீரவா விளையாட்டு அரங்கம் இருக்கும் இடம் சம்பங்கி ஏரி. சல்லகட்டா ஏரி கோல்ப் மைதானம் ஆகிவிட்டது. நகரம் வளர வளர ஏரிகள் மறைந்தன.

இதைத் தடுக்க யாரும் யோசனை சொல்லவில்லை என்று கூறமுடியாது. 1985-ம் ஆண்டிலேயே லட்சுமண ராவ் தலைமையில் அரசு ஒரு குழுவை அமைத்தது. இருக்கிற ஏரிகளை அழியவிடக்கூடாது, அவற்றில் சாக்கடையை விடக்கூடாது, கரைகளில் மரம் வளர்க்கவேண்டும் என்று அந்தக் குழு கூறியது. பிறகு ஐகோர்ட்டின் உத்தரவுப்படி நீதிபதி என்.கே.பாட்டீல் தலைமையில் அமைந்த குழு 2011-ம் ஆண்டில் அறிக்கை கொடுத்தது. சட்டமன்றத்தின் கோலிவாட் குழு 2017-ம் ஆண்டில் கொடுத்த அறிக்கை, பெங்களூரு நகர, ஊரக மாவட்டங்களில் 10 ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட ஏரி நிலம் ஆக்கிரமிக்கப்பட்டிருப்பதாகக் கூறியது.

அறிக்கைகளுக்குப் பஞ்சம் இல்லை. அவற்றை அடுக்கி வைத்தாலே ஓர் ஏரிக்குக் கரை கட்டிவிடலாம் என்று மக்கள் கேலியாகச் சொல்லும் அளவுக்கு அறிக்கைகள் இருக்கின்றன.

தீர்ப்பாயம் போட்ட போடு

2018 ஜனவரித் தீக்குப் பிறகு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் பொறுமை இழந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் கடுமையான உத்தரவு பிறப்பித்தது. பெல்லந்தூர், அகரம், வர்த்தூர் ஏரிகளைச் சீரமைக்க 500 கோடி ரூபாயைத் தனிக் கணக்கில் கர்நாடக அரசு ஒதுக்கி வைக்கவேண்டும். அந்தப் பணம் வேறு எதற்கும் போகக்கூடாது என்றது. அது தவிர மாநில அரசுக்கு 50 கோடி ரூபாயும், மாநகராட்சிக்கு 25 கோடி ரூபாயும் அபராதம் விதித்தது. வேலையைக் கண்காணிக்க சுப்ரீம் கோர்ட்டின் முன்னாள் நீதிபதி சந்தோஷ் ஹெக்டே தலைமையில் ஒரு குழுவையும் அமைத்தது.

2022-ம் ஆண்டு அக்டோபரில் மற்றோர் அடி விழுந்தது. ஓசூர் சாலையில் உள்ள சந்தாபுரா ஏரியைக் காப்பாற்றத் தவறியதற்காகக் கர்நாடக அரசு 500 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கவேண்டும் என்று தீர்ப்பாயம் உத்தரவிட்டது. அதே மாதத்தில், மாநிலம் முழுவதும் குப்பையையும் கழிவுநீரையும் சரியாகக் கையாளவில்லை என்று 2 ஆயிரத்து 900 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். அரசுக்கு விதிக்கப்படும் அபராதம் யாருடைய பணம்? அதுவும் வரி கட்டும் மக்களின் பணம்தான். ஏரியை அசுத்தப்படுத்தியவன் வேறு. அதற்கு அபராதம் கட்டுகிறவன் வேறு. சிவாஜிநகரில் தள்ளுவண்டி வைத்திருப்பவரும், ஸ்ரீராமபுரத்தில் ஆட்டோ ஓட்டுபவரும் வாங்கும் ஒவ்வொரு பொருளிலும் கொடுக்கிற வரிதான் கடைசியில் அபராதமாகப் போகிறது.

நுரை எங்கிருந்து வருகிறது?

பெல்லந்தூர் ஏரி சுமார் 900 ஏக்கர் பரப்பு கொண்டது. பெங்களூருவின் பெரிய ஏரி இதுதான். நகரத்தின் கழிவுநீரில் ஏறத்தாழ 40 சதவீதம் இந்தப் பக்கமாகத்தான் வந்து சேருகிறது. மழைநீருக்காக அமைந்த ராஜகால்வாய், ஆண்டு முழுவதும் சாக்கடையைச் சுமக்கிறது.

வீடுகளில் துணி துவைக்கவும் பாத்திரம் கழுவவும் பயன்படும் சோப்புத்தூளில் நுரைக்கும் ரசாயனமும், சிலவற்றில் பாஸ்பரசும் இருக்கின்றன. அவை ஏரியின் அடிச்சேற்றில் ஆண்டுக்கணக்கில் படிகின்றன. மழை பெய்து வெள்ளம் புகும்போது சேறு கலங்குகிறது. கலங்கலில் தண்ணீர் உயரத்தில் இருந்து விழும்போது காற்று கலந்து நுரை பொங்குகிறது. வாளியில் சோப்புத் தண்ணீரை மேலிருந்து ஊற்றினால் என்ன நடக்குமோ அதேதான் அங்கே பெரிய அளவில் நடக்கிறது.

மனிதக் கழிவில் உள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் ஆகாயத்தாமரைக்கு உரம். அது ஏரியை மூடிவிடுகிறது. தண்ணீருக்குள் வெளிச்சம் போகாது, பிராணவாயு குறையும். மீன் செத்து மிதக்கும். 2016-ம் ஆண்டு மார்ச் மாதத்தில் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்ததை அந்தப் பகுதித் தமிழர்கள் மறந்திருக்க முடியாது. திருவள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் மூடிக்கிடந்து 2009-ம் ஆண்டு ஆகஸ்டு 9-ந் தேதி திறக்கப்பட்டதே, அதே ஏரிக்கரைப் பகுதியில்தான் அந்த நாற்றமும் வீசியது.

தூர் வாரினால் போதுமா?

இப்போது பணம் செலவாகும் முறையைப் பார்ப்போம். ஓர் ஏரியைச் சீரமைக்கிறோம் என்றால் வழக்கமாக என்ன செய்கிறார்கள்? வேலி போடுகிறார்கள். கரையில் நடைபாதை அமைக்கிறார்கள். விளக்குக் கம்பம் நடுகிறார்கள். பிறகு தூர் வாருகிறார்கள். இவை அனைத்தும் கண்ணுக்குத் தெரியும் வேலைகள். திறப்பு விழா நடத்தலாம். கல்வெட்டு வைக்கலாம்.

தூர் வாருவது தேவையான வேலை என்பதில் ஐயமில்லை. பெல்லந்தூரிலும் வர்த்தூரிலும் கழிவுநீரைத் தனிக் கால்வாயில் திருப்பிவிட்டு, ஏரியை வற்றவைத்து, பெங்களூரு மேம்பாட்டு ஆணையம் சேற்றை அள்ளும் வேலையில் இறங்கியது. ஆனால் கெடு தேதிகள் பலமுறை தள்ளிப்போயின. அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. சேற்றை அள்ளிய பிறகு மறுபடியும் சாக்கடையே உள்ளே வந்தால் என்ன பயன்? ஓட்டைப் பானையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி என்ன லாபம்? சில ஆண்டுகளில் அதே சேறு, அதே நுரை, மறுபடியும் ஒரு டெண்டர்.

கண்ணுக்குத் தெரியாத வேலை ஒன்று இருக்கிறது. வீட்டுச் சாக்கடையைப் பாதாளச் சாக்கடையுடன் இணைப்பது. உடைந்த குழாயை மாற்றுவது. ராஜகால்வாயில் கழிவுநீர் விழும் வாய்களை ஒவ்வொன்றாக அடைப்பது. இந்த வேலைக்கு மாலை மரியாதை கிடையாது. தெருவைத் தோண்டினால் மக்களின் திட்டுதான் கிடைக்கும். ஆனால் ஏரியின் உயிர் இந்த வேலையில்தான் இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு

இனி ஒரு கணக்கு. 2024-ம் ஆண்டு மார்ச்சில் பெங்களூருவில் குடிநீர்ப் பஞ்சம் தலைவிரித்தாடியது. நகரத்துக்கு நாள் ஒன்றுக்குத் தேவை 260 கோடி லிட்டர்; காவிரியில் இருந்து கிடைப்பது 145 கோடி லிட்டர்; ஆழ்குழாய்க் கிணறுகளில் 65 கோடி லிட்டர்; பற்றாக்குறை 50 கோடி லிட்டர் என்று முதல்-மந்திரி சித்தராமையா அப்போது கூறினார். அரசின் சுமார் 14 ஆயிரம் ஆழ்குழாய்க் கிணறுகளில் 6 ஆயிரத்து 900 வறண்டுவிட்டதாகவும் அறிவிக்கப்பட்டது.

அந்த ஆண்டு அக்டோபர் 16-ந் தேதி காவிரி 5-வது கட்டத் திட்டம் தொடங்கப்பட்டது. ஜப்பான் நாட்டுக் கடனுதவியுடன் சுமார் 5 ஆயிரம் கோடி ரூபாய்ச் செலவில் நிறைவேறிய திட்டம் இது. நகரத்துடன் சேர்ந்த 110 கிராமங்களுக்கு நாள்தோறும் 77 கோடியே 50 லட்சம் லிட்டர் தண்ணீர் கொடுப்பது இதன் நோக்கம். தாகத்தில் தவித்த மக்களுக்கு இது பெரிய வரம். அதை யாரும் குறை கூற முடியாது.

ஆனால் வீட்டுக்குள் வரும் தண்ணீரில் சுமார் 80 சதவீதம் கழிவுநீராக வெளியேறும் என்பது பொறியாளர்களின் கணக்கு. அப்படியானால் 77½ கோடி லிட்டர் உள்ளே வந்தால் 62 கோடி லிட்டர் வெளியே போகவேண்டும். பழைய 145 கோடியையும் சேர்த்தால் காவிரித் தண்ணீரில் இருந்து மட்டும் நாள் ஒன்றுக்குச் சுமார் 178 கோடி லிட்டர் கழிவுநீர். ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரும், லாரித் தண்ணீரும் இதற்கு மேல்.

குடிநீர் வாரியத்திடம் 30-க்கும் மேற்பட்ட சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. 5-வது கட்டத் திட்டத்திலும் புதிய சுத்திகரிப்பு நிலையங்கள் சேர்க்கப்பட்டன. ஆனாலும் குழாய் போகும் வேகத்தில் சாக்கடை போகவில்லை. நல்ல தண்ணீர் வந்தால் மக்கள் வாழ்த்துகிறார்கள். கழிவுநீர் எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. ஆகவே நல்ல தண்ணீருக்கு முன்னுரிமை, கழிவுநீருக்குப் பின்னுரிமை. அந்த இடைவெளியில்தான் ஏரிகள் மாட்டிக்கொள்கின்றன.

காவிரித் தீர்ப்பிலும் இந்தக் கணக்கு

இந்த 80 சதவீதக் கணக்குக்கு மற்றொரு முக்கியத்துவமும் உண்டு. காவிரி நடுவர் மன்றம் 2007-ம் ஆண்டில் இறுதித் தீர்ப்புக் கூறியபோது, குடிநீருக்காக எடுக்கும் தண்ணீரில் 20 சதவீதம்தான் செலவாகும் என்று கணக்கிட்டது. மிச்சம் திரும்பி வரும் என்பதே அதன் பொருள். 2018-ம் ஆண்டு பிப்ரவரி 16-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, பெங்களூருவின் குடிநீருக்காகக் கூடுதலாக 4.75 டி.எம்.சி. கொடுத்தது.

திரும்பி வரும் தண்ணீர் என்ன நிலையில் வருகிறது? ஏட்டில் அது தண்ணீர். பைரமங்களா விவசாயியின் வாய்க்காலில் அது கறுப்பு நிறச் சாக்கடை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018-ம் ஆண்டில் நாடு முழுவதும் 351 ஆற்றுப் பகுதிகள் மாசுபட்டவை என்று பட்டியல் போட்டது. அதில் கர்நாடகத்தில் 17. அர்க்காவதியும் அதில் இடம்பெற்றது.

எவ்வளவு டி.எம்.சி. என்று இரு மாநிலங்களும் பல ஆண்டுகள் வாதாடின. எப்படிப்பட்ட தண்ணீர் என்ற கேள்வி அந்த அளவுக்கு எழவில்லை. ஓசூர் கெலவரப்பள்ளி அணையின் மதகுகளில் மழைக்காலந்தோறும் நுரை பொங்குவதைப் பார்க்கும் விவசாயிக்கு, அளவைவிடத் தரமே பெரிய கவலை.

கோலாருக்குப் போன தண்ணீர்

கர்நாடக அரசு எதுவுமே செய்யவில்லை என்று சொல்வது நியாயம் ஆகாது. கோரமங்களா-சல்லகட்டா பள்ளத்தாக்குத் திட்டம் துணிச்சலான முயற்சி. பெங்களூருவின் கழிவுநீரைச் சுத்திகரித்து, நாள் ஒன்றுக்கு 44 கோடி லிட்டர் வரை கோலார் மாவட்டத்துக்குக் குழாயில் அனுப்பி, 126 ஏரிகளை நிரப்புவது இதன் நோக்கம். சுமார் 1,300 கோடி ரூபாய் செலவான இந்தத் திட்டத்தில் 2018-ம் ஆண்டு ஜூன் மாதம் கோலார் மாவட்டத்துக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்தது. ஹெப்பால்-நாகவாரா பள்ளத்தாக்கில் இருந்து சிக்பள்ளாப்பூருக்கு 21 கோடி லிட்டர் அனுப்பும் திட்டமும் பின்னர் வந்தது.

கோலார் என்றால் தங்கவயலும் சேர்ந்ததுதான். தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் வாழும் ஊர் அது. அங்கே ஒரு குடம் தண்ணீரின் அருமை என்ன என்று எல்லோருக்கும் தெரியும். வற்றாத ஆறு இல்லாத அந்த மாவட்டத்தில் ஏரிகள் நிரம்பி, நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்தது நன்மையே.

ஆனால் அங்கேயும் தரம் பற்றிய கேள்வி எழுந்தது. தண்ணீர் போன சில வாரங்களிலேயே நுரை வந்தது. ஐகோர்ட்டு தடை போட்டது. பின்னர் 2019-ம் ஆண்டு ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் தடை விதித்தது. பிறகு தடை நீங்கித் திட்டம் தொடர்ந்தது. இரண்டு கட்டச் சுத்திகரிப்புடன் தண்ணீரை விடுவது போதாது. நைட்ரஜன், பாஸ்பரசை நீக்கும் மூன்றாம் கட்டமும் வேண்டும் என்பதே அந்தப் பகுதி விவசாயிகளின் கோரிக்கை.

சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாள் ஒன்றுக்குத் தலா 4½ கோடி லிட்டர் கழிவுநீரை மூன்றாம் கட்டம் வரை சுத்திகரித்து, தொழிற்சாலைகளுக்கு விற்கும் நிலையங்கள் 2019-ம் ஆண்டிலேயே வந்துவிட்டன. அளவு சிறியதுதான். ஆனால் கழிவுநீரும் காசு கொடுக்கும் என்பதற்கு அது சாட்சி.

யார் பொறுப்பு?

பணம் வீணாவதற்கு மற்றொரு காரணம், ஏரிக்குப் பல எஜமானர்கள் இருப்பது. ஏரி ஒருவருடையது. ஏரிக்கு வரும் கால்வாய் மற்றொருவருடையது. கால்வாயில் விழும் சாக்கடை குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. ஆக்கிரமிப்பை அகற்றுவது வருவாய்த்துறை. தொழிற்சாலையைத் தட்டிக்கேட்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். ஒருவரைக் கேட்டால் அடுத்தவரைக் காட்டுவார்.

இதைச் சரிசெய்ய 2002-ம் ஆண்டில் ஏரி மேம்பாட்டு ஆணையம் உருவாக்கப்பட்டது. 2014-ம் ஆண்டுச் சட்டத்தின்படி அது வேறு பெயரில் அதிகாரம் பெற்ற ஆணையம் ஆனது. 2018-ம் ஆண்டில் அதையும் கலைத்து, சிறுபாசனத் துறையின் ஏரி ஆணையத்துடன் சேர்த்துவிட்டார்கள். பெயர்ப் பலகை மாறிக்கொண்டே இருந்தது. தண்ணீரின் நிறம் மாறவில்லை.

ஏரியைச் சுற்றி எவ்வளவு தூரம் கட்டடம் கூடாது என்பதிலும் இழுபறிதான். 2016-ம் ஆண்டில் பசுமைத் தீர்ப்பாயம் 75 மீட்டர் என்றது. கட்டடக்காரர்கள் மேல்முறையீடு செய்தார்கள். 2019-ம் ஆண்டு மார்ச் 5-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அதை ரத்து செய்தது. 2025-ம் ஆண்டில் ஏரியின் பரப்புக்கு ஏற்ப இந்த எல்லையைக் குறைக்கும் திருத்த மசோதா கர்நாடக சட்டமன்றத்தில் நிறைவேறியது. சிறிய ஏரிகளுக்கு அதில் சில மீட்டர் இடம்தான். ஒரு கையால் ஏரிக்குப் பணம் கொடுத்து, மறு கையால் ஏரியின் ஓரத்தைக் குறைத்தால் கணக்கு எப்படி நேராகும்?

2022-ம் ஆண்டு செப்டம்பரில் வெளிவட்டச் சாலைப் பகுதி மூழ்கியபோது, கோடி ரூபாய் பங்களாக்களில் இருந்தவர்கள் டிராக்டரில் ஏறி வெளியேறினார்கள். தண்ணீர் தன் பழைய வழியைத் தேடி வந்தது. அவ்வளவுதான்.

வழி இல்லாமல் இல்லை

இதற்கெல்லாம் வழியே இல்லையா? இருக்கிறது. பெங்களூருவிலேயே இருக்கிறது. ஜக்கூர் ஏரியின் தலைப்பில் சுத்திகரிப்பு நிலையம் உண்டு. அங்கிருந்து வரும் தண்ணீர் நேராக ஏரிக்குள் போவதில்லை. கோரை வளர்ந்த ஈரநிலத்தைக் கடந்து போகிறது. அந்தச் செடிகள் மிச்சமுள்ள சத்தை உறிஞ்சிக்கொள்கின்றன. சர்ஜாபுரா சாலையில் கைகொண்டரஹள்ளி ஏரியை மாநகராட்சியும் அக்கம்பக்கத்து மக்களும் சேர்ந்து மீட்டார்கள். எங்கே சாக்கடை தடுக்கப்பட்டதோ, எங்கே மக்கள் காவல் இருந்ததோ, அங்கே பணம் பலன் தந்தது.

உலக அனுபவமும் இதையே காட்டுகிறது. நம்மவர் நன்கு அறிந்த சிங்கப்பூரில், லீ குவான் யூ 1977-ம் ஆண்டில் சிங்கப்பூர் ஆற்றைப் பத்து ஆண்டுகளில் சுத்தம் செய்யவேண்டும் என்றார். முதலில் ஆற்றங்கரைப் பன்றிப் பண்ணைகளையும், வாத்துப் பண்ணைகளையும் அகற்றினார்கள். குடிசைவாசிகளுக்கு வீடு கொடுத்தார்கள். தெருக் கடைக்காரர்களுக்குக் கட்டடத்தில் இடம் கொடுத்தார்கள். சாக்கடையை இணைத்தார்கள். அதன் பிறகுதான் ஆற்றுச் சேற்றை அள்ளினார்கள். 1987-ல் வேலை முடிந்தது. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து வாஷிங்டன் ஏரிக்கு வந்த கழிவுநீரை 1963 முதல் 1968 வரை படிப்படியாகத் திருப்பிவிட்டார்கள். ஏரி சில ஆண்டுகளில் தானாகவே தெளிந்தது.

முதலில் வருவதைத் தடு. பிறகு இருப்பதை அள்ளு. இதுதான் பாடம். பெங்களூருவில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது.

அரசு தரப்பில் சொல்வது என்ன?

நகரம் ஒரே நேரத்தில் இவ்வளவு பெரிதாகும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. 2007-ம் ஆண்டில் சேர்ந்த 110 கிராமங்களில் பாதாளச் சாக்கடையே இல்லை. நெருக்கமான தெருக்களில் குழாய் பதிப்பது எளிதல்ல. பணமும் போதவில்லை என்று அதிகாரிகள் கூறுகிறார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. தண்ணீர்க் கட்டணம் 2014-ம் ஆண்டுக்குப் பிறகு 2025-ம் ஆண்டு ஏப்ரலில்தான் உயர்த்தப்பட்டது. இடையில் மின்சாரச் செலவும், சம்பளமும், குழாய் விலையும் ஏறிக்கொண்டே இருந்தன.

ஆனால் கட்டணத்தைக் கூட்டும்போது மக்களுக்கு ஒரு கேள்வி கேட்க உரிமை உண்டு. கூடுதலாகக் கொடுக்கும் காசில் எங்கள் தெருச் சாக்கடை எங்கே போய்ச் சேருகிறது? இதற்குப் பதில் சொல்ல வாரியம் கடமைப்பட்டிருக்கிறது.

ஏழைகள் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்கவும் கூடாது. ராஜகால்வாய் ஓரத்துக் குடிசைதான் எல்லோர் கண்ணிலும் படுகிறது. ஆனால் இருபது மாடி அடுக்குமாடியின் கழிவுநீரும், கார் கழுவும் கூடத்தின் எண்ணெயும் எங்கே போகின்றன என்று பார்ப்பவர் குறைவு. குடிசையை இடிக்க ஒரு நாள் போதும். அடுக்குமாடியின் சுத்திகரிப்பு நிலையம் வேலை செய்கிறதா என்று பார்க்க ஆண்டுகள் ஆகின்றன.

செய்யவேண்டியது என்ன?

முதலாவதாக, பணத்தை ரூபாயில் அளக்கும் வழக்கம் மாறவேண்டும். இத்தனை கோடி செலவழித்தோம் என்பது சாதனை அல்ல. ஏரித் தண்ணீரில் பிராணவாயு எவ்வளவு, நைட்ரஜன் எவ்வளவு, பாஸ்பரஸ் எவ்வளவு என்பதை மாதந்தோறும் ஏரிக்கரையிலேயே பலகையில் எழுதி வைக்கவேண்டும். கன்னடத்திலும் மக்களுக்குப் புரியும் மற்ற மொழிகளிலும் எழுதவேண்டும். தரம் உயர்ந்தால்தான் அடுத்த தவணைப் பணம் என்று ஒப்பந்தத்தில் சேர்க்கவேண்டும்.

இரண்டாவதாக, ஏரிக்கு ஒதுக்கும் பணத்தில் பெரும்பங்கு ஏரிக்கு மேலே உள்ள கால்வாய்க்கும் சாக்கடை இணைப்புக்கும் போகவேண்டும். நடைபாதையும் விளக்கும் கடைசியில் வரட்டும்.

மூன்றாவதாக, ஒரு பள்ளத்தாக்குக்கு ஒரு பொறுப்பாளர் இருக்கவேண்டும். இப்போது மாநகராட்சி ஐந்து ஆகிவிட்டது. தண்ணீருக்கு மாநகராட்சி எல்லை தெரியாது. அல்சூர் சாக்கடை ஒரு மாநகராட்சியில் பிறந்து மற்றொரு மாநகராட்சியின் ஏரியில் விழும். பெரிய பெங்களூரு ஆணையம் இந்த ஒரு வேலையையாவது ஒழுங்காகச் செய்தால், பிரித்ததற்கு ஒரு பயன் உண்டு.

நான்காவதாக, கெலவரப்பள்ளி அணைக்கும் பிலிகுண்டுலுவுக்கும் போகும் தண்ணீரின் தரத்தை இரு மாநில அதிகாரிகளும் ஒன்றாகச் சோதித்து, ஒன்றாக வெளியிடவேண்டும். எண் ஒன்றாக இருந்தால் சண்டை பாதியாகக் குறையும்.

முடிவாக...

காவிரித் தண்ணீரைச் சுமார் 100 கிலோமீட்டர் தூரத்தில் இருந்து, ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்துக்கு மின்சார மோட்டார்களால் ஏற்றிப் பெங்களூருவுக்குக் கொண்டு வருகிறார்கள். அவ்வளவு பாடுபட்டுக் கொண்டு வந்த தண்ணீரை ஒருமுறை பயன்படுத்திவிட்டு, சாக்கடையாக்கி, பள்ளத்தில் தள்ளிவிடுவது புத்திசாலித்தனம் ஆகாது. அதே தண்ணீரைச் சுத்தமாக்கி ஏரியில் தேக்கினால் ஆழ்குழாய்க் கிணறு ஊறும். கோலார் ஏரி நிறையும். ஓசூர் வயல் வாழும்.

2024-ம் ஆண்டு மார்ச்சில் ஒரு லாரித் தண்ணீருக்காக அல்சூரிலும் ஆஸ்டின் டவுனிலும் தெருமுனையில் குடத்தோடு காத்து நின்ற பெண்களுக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை. பக்கத்திலேயே ஏரி, குடிக்கத்தான் தண்ணீர் இல்லை. அடுத்த கோடைக்குள் அந்த நிலைமையை மாற்ற முடியாமல் போகலாம். ஆனால் அதற்கான வேலை சரியான இடத்தில் தொடங்கிவிட்டதா என்று கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. பட்ஜெட்டில் ஒதுக்கிய தொகையைப் படித்துக்காட்டிவிட்டு, அதுவே பதில் என்று இனி அரசு சொல்ல முடியாது.